ஞாயிறு புதர் வெட்ட வர்றீங்க, ஓகே... புதன்கிழமை தண்ணி ஊத்தப்போறது யாரு?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வண்டியில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. ஆஸ்பத்திரி, ஷோரூம், கஃபே, வாசலில் ரெண்டு கார் நிற்கும் வீடுகள். நடுவுல திடீர்னு ஒரு காலி மனை. ஆள் உயரத்துக்குப் பார்த்தீனியம், ஓரத்துல சீமைக்கருவேலம், யாரோ வீடு இடிச்சுக் கொட்டின செங்கல் ஜல்லி, மேல ஒரு பழைய கமோடு. சதுர அடி விலையைச் சொன்னா தலை சுத்துற ஏரியாவுல, பாம்புக்கு மட்டும் வாடகை இல்லாத வீடு!

உங்க ஊர்லயும், உங்க தெருவுலயும் இப்படி ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்துட்டு வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர், "ஞாயிறு காலை 6 மணி. கையுறை, தொப்பி கொண்டுவரவும். நாமே சுத்தம் செஞ்சு கம்யூனிட்டி கார்டன் ஆக்குவோம்"னு ஒரு மெசேஜ் தட்டிவிடுவாங்க. நாற்பது தம்ஸ்-அப் விழும். இந்த மெசேஜ் இப்போ தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுற்றுது. ஜிம்முக்குப் பதிலா மண்வெட்டி, பிரன்ச்சுக்குப் பதிலா கீரைப்பாத்தி. நல்ல விஷயம்தான், கிண்டல் இல்லை. ஆனா, இந்த மாதிரி முயற்சிகள் பெரும்பாலும் ஏன் மூணாவது மாசம் செத்துப்போகுது, சிலது மட்டும் ஏன் பத்து வருஷம் தாண்டியும் நிற்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

அதுக்கு விடை தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வண்டியை எடுத்தா கொஞ்ச நேரத்துல வந்துடும், கன்னங்குறிச்சி மூக்கனேரி.

மூக்கனேரியில் நடந்தது என்ன?

ஏற்காடு மலையில் பெய்யும் மழை இறங்கி வந்து நிறையும் ஏரி இது. 2000-களின் இறுதியில் இதோட நிலைமை நம்ம காலி மனை மாதிரிதான், அளவு மட்டும் பல ஏக்கர். குப்பை, முள்ளுக்காடு, மேடுதட்டிப்போன மண். 2010-ல் பியூஷ் மானுஷ் முன்னின்று நடத்திய சேலம் மக்கள் குழு, அரசு அனுமதியோடு இதைக் கையில் எடுத்தது. ஊர்க்காரர்கள், மாணவர்கள், வியாபாரிகள்னு பலரும் பணமாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன சமயோசிதம். ஏரியைத் தூர் வாரினா மண்ணை எங்கே கொட்டுறது? லாரியில் ஏத்தி வெளியே அனுப்பினா டீசல் செலவிலேயே வசூல் பணம் கரைஞ்சிடும். அதனால் தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள் ஆக்கினார்கள். அந்தத் தீவுகளில் மரக்கன்றுகளை நட்டார்கள். வேர் பிடிச்சதும் மண் கரையவில்லை. நாலு பக்கமும் தண்ணீர் என்பதால் ஆடு மாடு வந்து மேயவில்லை, ஆளும் எளிதில் போய் ஒடிக்க முடியாது. பறவைகள் வந்தன. வேலி போடாமலேயே வேலி!

ஆனா, கதை அத்தோட 'சுபம்' ஆகிடலை. ஏரின்னா ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டுப் போட்டோ எடுத்து மாட்டுற விஷயம் இல்லை. சாக்கடை கலக்குறது, ஆகாயத்தாமரை படர்றதுன்னு பின்னாடி வருஷங்களிலும் மூக்கனேரி பற்றிய புகார்கள் செய்திகளில் வந்துட்டேதான் இருந்தன. தன்னார்வலர்கள் முள்ளை வெட்டலாம், கன்று நடலாம். மேல இருக்கிற தெருக்களோட கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடியணும்னு அவங்களால முடிவு பண்ண முடியாது. அது மாநகராட்சியோட வேலை. தன்னார்வலர் உழைப்பு எங்கே முடியுது, அரசோட பொறுப்பு எங்கே ஆரம்பிக்குதுங்கிற கோடு, அஞ்சு சென்ட் மனையிலும் இதே மாதிரி வரும். இப்பவே மனசுல வெச்சுக்கோங்க.

வெட்டினா போயிடுமா?

முதல்ல எதிரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். பார்த்தீனியம் மெக்சிகோ பக்கத்துச் செடி. இந்தியாவில் 1950-களின் நடுவில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டது, இறக்குமதியான கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். ஒரே ஒரு செடி 15,000-லிருந்து 25,000 விதை வரை போடும். நீங்க ஞாயிற்றுக்கிழமை பூத்து நிற்கிற செடியை 'வீரமா' அரிவாளால் வெட்டித் தள்ளும்போது என்ன நடக்குது தெரியுமா? விதையை நீங்களே மண்ணில் தூவி விடுறீங்க. அடுத்த மழைக்கு, போன தடவையைவிட அடர்த்தியா எழுந்து நிற்கும். குரூப்ல "இவ்ளோ கஷ்டப்பட்டும் திரும்ப வந்துடுச்சே"ன்னு சோக எமோஜி வர்றது இந்தக் கட்டத்தில்தான்.

சரியான வழி, பூக்கிறதுக்கு முன்னாடி, மண் ஈரமா இருக்கும்போது வேரோட பிடுங்குறது. முழுக்கை சட்டை, கையுறை, மாஸ்க் கட்டாயம். இது சும்மா ஸ்டைலுக்கு இல்லை. இந்தச் செடி தோலில் பட்டால் சிலருக்கு மோசமான அலர்ஜி வரும், மகரந்தம் வீசிங் இருக்கிறவங்களைப் படுத்தி எடுக்கும். ஆஸ்துமா இருக்கிற நண்பரை இந்த வேலைக்குக் கூப்பிடாதீங்க, டீ வாங்கிட்டு வர அனுப்புங்க. பிடுங்கின இடத்தைச் சும்மாவும் விடக் கூடாது. தகரை, துலுக்கச் சாமந்தி மாதிரி நெருக்கமா வளர்றதை உடனே விதைச்சா பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரமே நடக்குது. ஜபல்பூரில் இருக்கிற மத்திய அரசின் களை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துறது. நம்ம குரூப்களுக்கு அது தெரியாம போறதுதான் ஆச்சர்யம்.

சீமைக்கருவேலம் வேற ரகம். மேலே வெட்டினா அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை துளிர்க்கும். அடிவேர்த் தலையைத் தோண்டி எடுக்கலைன்னா வேலை பாதிதான். 2017 ஞாபகம் இருக்கா? உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோட உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாடே கருவேலம் வெட்டக் கிளம்பியது. கலெக்டர், வக்கீல், என்.எஸ்.எஸ் மாணவர்கள்னு எல்லோரும் களத்தில். அரியலூர் மாவட்டத்தில் ஜாமீன் கேட்டவர்களுக்கு '100 சீமைக்கருவேல மரத்தை வெட்டணும்'னு நீதிமன்றம் நிபந்தனை போட்ட செய்தியெல்லாம் வந்தது. அதே வருஷம் ஏப்ரலில், இதனால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும்னு ஆய்வு பண்ணாம வெட்டலாமான்னு கேட்டு வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வேகத்தில் மேலோட்டமா வெட்டின இடங்களில் மரம் திரும்ப வந்துடுச்சு. வேகமா வெட்டுறதும் ஒழிக்கிறதும் ஒண்ணு இல்லைங்கிறதுக்கு இதைவிட பெரிய உதாரணம் வேண்டாம்.

"பேசாம ஒரு பொக்லைன் வரவெச்சா ஒரு மணி நேர வேலை"ன்னு குரூப்ல ஒரு அங்கிள் கண்டிப்பா சொல்வார். செங்கல் மேட்டை அள்ள அது சரி. மத்தபடி, பொக்லைன் மேல்மண்ணையும் சேர்த்துச் சுரண்டி, அடியில் இருக்கிற ஜல்லியைக் கிளறி மேலே கொண்டுவந்துடும். கீரை முளைக்க வேண்டிய மண்ணு லாரியில் போயிடும். கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு சட்டி, பத்து பேர் போதும். கொஞ்சம் மெதுவா ஆகும், அவ்வளவுதான். இன்னொண்ணு, நாலு பக்கமும் சுற்றி நின்னுட்டு நடுவை நோக்கி வெட்டாதீங்க. ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பிச்சு எதிர் ஓரத்தைத் திறந்து வெச்சா, உள்ளே இருக்கிற பாம்பும் உடும்பும் அது பாட்டுக்குப் போயிடும். பாம்பு தெரிஞ்சா அடிக்காம, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்க.

அந்த இடம் உண்மையிலேயே 'காலி'யா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கிறதில்லைங்கிறதுதான் என் வருத்தம். உங்க பால்கனியிலிருந்து பார்த்தா அது புதர். ஆனா, அந்தக் கருவேலங்குச்சியை விறகுக்கு ஒடிச்சுட்டுப் போற அம்மா ஒருத்தங்க இருப்பாங்க. மத்தியானம் ரெண்டு ஆட்டை ஓட்டிட்டு வர்றவர் இருப்பார். ஓரமா இருக்கிற மர நிழல்ல இஸ்திரி வண்டி நிற்கும். பக்கத்துக் கட்டுமான வேலைக்கு வந்தவங்களுக்குக் கழிப்பறை இல்லாம அந்த மறைவுதான் ஒதுங்குற இடமா இருக்கும். சொல்லவே சங்கடமா இருந்தாலும் இதுதான் நிஜம்.

நாம போய் 'பொதுத்தோட்டம்'னு போர்டு மாட்டி, கேட் போட்டு, பூட்டுத் தொங்கவிட்டா, அது யாருக்குப் பொது? அந்தக் கேட்டோட சாவி அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி கையில் இருந்தா, அதே தெருவில் வீட்டு வேலைக்கு வர்ற அக்கா நாலு கட்டு கீரை பறிச்சுட்டுப் போக முடியுமா? ஃபேர்லேண்ட்ஸ் மாதிரி வசதியான ஏரியாவில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏன்னா, அங்கே கீரைத்தோட்டம் உண்மையிலேயே தேவைப்படுறவங்க பெரும்பாலும் அந்த ஏரியாவில் வேலை செய்றவங்க, குடியிருக்கிறவங்க இல்லை. குடியிருக்கிறவங்களுக்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தை பக்கத்திலேயே இருக்கு.

புதர் வெட்டுற ஞாயிறுக்கு முந்தின வாரம் ரெண்டு நாள், காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் அங்கே சும்மா நின்னு பாருங்க. யாரெல்லாம் வர்றாங்கன்னு தெரியும். இஸ்திரிக்காரர் அண்ணன்கிட்ட பேசுங்க. அந்த இடத்தோட முழு ஹிஸ்டரியும் அவருக்குத்தான் தெரியும். ராத்திரி டிராக்டர்ல வந்து குப்பை கொட்டுறது யாருங்கிறது உட்பட!

நிலம் யார் பேர்ல இருக்கு?

எல்லாத்தையும்விடப் பெரிய கேள்வி இது. 1973-ல் நியூயார்க்கில், பௌரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கிற முனையில் குப்பையும் இடிபாடுமா ஒரு மனை கிடந்தது. லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவரது நண்பர்களும், 'கிரீன் கெரில்லாஸ்'னு பேர் வெச்சுக்கிட்டு அதைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். அடுத்த வருஷமே நகர நிர்வாகம் மாசம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. அதைப் பார்த்து ஊர் முழுக்க நூற்றுக்கணக்கான தோட்டங்கள் முளைத்தன. தோட்டம் வந்ததும் தெரு அழகாச்சு, தெரு அழகானதும் நில விலை ஏறுச்சு. 1999-ல் மேயர் ஜூலியானி நிர்வாகம் 100-க்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது! கடைசி நேரத்தில் நடிகை பெட் மிட்லர் ஆரம்பித்த அமைப்பும் இன்னொரு அறக்கட்டளையும் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பித்தன. நம்ம ஊர்ல அப்படி வாங்கிக் கொடுக்க எந்த நடிகை வருவாங்கன்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

ஆக, உங்க தெரு மனை யாருடையதுன்னு முதல்ல பாருங்க. மூணு வாய்ப்பு இருக்கு. தனியார் மனைன்னா, உரிமையாளர் வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருக்கலாம். அவர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம ஒரு முள்ளைக்கூட வெட்டாதீங்க. புதரை அகற்றச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியது மாநகராட்சி. இலவசமா சுத்தம் பண்ணிக்கொடுத்து, அவர் நல்ல விலைக்கு வித்துட்டுப் போறதுக்கு நாம ஏன் முதுகு ஒடியணும்?

நீர்நிலைப் புறம்போக்கு, ஓடைன்னா, மூக்கனேரியில் செய்த மாதிரி அரசு அனுமதியோடு மட்டும்தான் கை வைக்கணும். அங்கே கீரைப்பாத்தி போடுறதும் ஒருவகை ஆக்கிரமிப்புதான்.

மூணாவது வகையில்தான் உண்மையான வாய்ப்பு இருக்கு. அது லே-அவுட்டில் பூங்காவுக்காக ஒதுக்கின இடம். தமிழ்நாட்டு விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் லே-அவுட் போட்டா, சாலை போக மீதியில் 10% திறந்தவெளியா ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும். ஓ.எஸ்.ஆர் இடம்னு சொல்றது இதைத்தான். பல நகர்களில் இந்த இடங்கள் பேப்பர்ல 'பூங்கா', நேர்ல புதர். நாம கவனிக்காம விட்டா கொஞ்சம் கொஞ்சமா பக்கத்து மனையோட சேர்ந்துடும், இல்லைன்னா ஒரு கட்டடம் எழும்பிடும். பூங்கா, விளையாட்டு மைதானங்களைப் பாதுகாக்க 1959-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் போராடிய வழக்கில், 'கொடுத்தது செல்லாது'ன்னு 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. உங்க லே-அவுட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், 10 ரூபாய் கட்டணம். மண்வெட்டி வாங்குறதுக்கு முன்னாடி அந்த 10 ரூபாயைச் செலவு பண்ணுங்க.

அனுமதி வாங்கும்போது 'தோட்டம் போட்டுக்குறோம்'னு வாய்வார்த்தையா பேசாம, எத்தனை வருஷம், தண்ணி யார் தருவாங்க, குப்பையை யார் அள்ளுவாங்கன்னு எழுதி வாங்குங்க. சிங்கப்பூரில் 2005-லிருந்து அரசே பொதுத்தோட்டங்களை ஊக்குவிக்குது. அங்கே பூங்காக்களுக்குள்ள தனிப் பாத்தி வாடகைக்கும் கொடுக்குறாங்க. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூணு வருஷ லீஸ். குட்டியூண்டு இடம்தான். ஆனா, நாளைக்கு யாரும் வந்து 'காலி பண்ணு'ன்னு சொல்ல முடியாது.

ஏழு குடம் கணக்கு

இப்போ தலைப்புக்கு வருவோம். ஒரு சென்ட்னா ஏறக்குறைய 40 சதுர மீட்டர். நடைபாதை, ஓரம் போக பாதி இடத்தில் பாத்தி போடுறீங்கன்னு வெச்சுக்கலாம், 20 சதுர மீட்டர். சேலம் வெயிலுக்குச் சதுர மீட்டருக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர்னு தோராயமா போட்டாலும் 100 லிட்டர் ஆச்சு. 15 லிட்டர் குடத்துல ஏழு குடம். தினமும்! அஞ்சு சென்ட்டையும் ஒரே மூச்சில் தோட்டமாக்கினா 35 குடம். மேட்டூரிலிருந்து குழாயில் வர்ற குடிதண்ணியை இதுக்கு ஊத்துறது நியாயமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரங்க விடவும் மாட்டாங்க. மழைநீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் துவைக்கிற தண்ணியைக் கல்வாழை வழியா வடிகட்டி விடுறது, மூடாக்குப் போட்டு ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறதுன்னு முதல் நாளே யோசிக்கணும்.

அதனால ஒரு சென்ட்ல ஆரம்பிங்க. மத்த நாலு சென்ட்ல தகரையும் சாமந்தியும் இருக்கட்டும். சந்தியூரில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணைக் கொடுத்துப் பரிசோதனை பண்ணிக்கலாம். இடிபாடு கொட்டின மண்ணுல சிமென்ட் கலந்து சுண்ணாம்புத்தன்மை ஏறியிருக்கும், அங்கே எதுவும் ஒழுங்கா வராது. அப்படி இருந்தா வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போடுறதைத் தவிர வழி இல்லை. முதல் பயிர் சிறுகீரையா இருக்கட்டும். 25 நாள்ல கையில கிடைக்கும், குரூப்ல ஆர்வம் குறையுறதுக்குள்ள! மாங்கன்று நட்டு மூணு வருஷம் காத்திருக்கச் சொன்னா யாரும் இருக்க மாட்டாங்க. அரைக்கீரை போட்டா வெட்ட வெட்ட வரும். ஆடிப்பட்டத்துல வெண்டை, அவரை. ஓரத்துல ரெண்டு முருங்கை.

தமிழ்நாட்டில் நீடிச்சு நிற்கிற முயற்சிகளைப் பார்த்தா, ஆள் எண்ணிக்கையைவிட தவறாம வர்றதுதான் அவங்க பலம். சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பைமேடா கிடந்த இடத்தை 2006-லிருந்து 'நிழல்' அமைப்பு மரப்பூங்காவா மாத்தி வெச்சிருக்கு. வார இறுதியில் தன்னார்வலர்கள் இறங்கி வேலை செய்றது அங்கே பழக்கமாவே ஆகிடுச்சு. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் பேரூர் பெரிய குளத்தில் ஆரம்பிச்சது. வாரம் தவறாம ஞாயிற்றுக்கிழமை களப்பணி. அவங்க கை வெச்ச வெள்ளலூர் குளத்தில் இப்போ பட்டாம்பூச்சிப் பூங்காவே இருக்கு. ரெண்டு இடத்திலும் முதல் நாள் எடுத்த போட்டோவில் இருந்த எல்லோரும் கடைசி வரை இருந்திருக்க மாட்டாங்க. யாரோ சில பேர் விடாம வந்திருக்காங்க.

அதனால உங்க குரூப் அட்மினுக்கு ஒரு வேண்டுகோள். 'ஞாயிறு யாரெல்லாம் வர்றீங்க?'ங்கிற போல் வேண்டாம். அதுக்கு நாற்பது கை தூக்கும். திங்கள் முதல் சனி வரை ஆறு ஆப்ஷன் வெச்சு, 'சாயந்திரம் ஆறு மணிக்கு ஏழு குடம் யார் தூக்குவீங்க?'ன்னு ஒரு போல் போடுங்க. ஒவ்வொரு நாளுக்கும் ரெண்டு பேர் கிடைச்சா மொத்தம் பன்னிரண்டு பேர். அவங்க பேர் வந்த பிறகு மண்வெட்டி வாங்கப் போகலாம். இஸ்திரிக்காரர் அண்ணனுக்கும் அந்த லிங்க்கை அனுப்ப மறக்காதீங்க, ஆறு நாளும் அங்கேயே இருக்கிறவர் அவர்தான்.